கமராவின் தூரமும் கோணமும்

மேடை நாடகத்தில் பார்வையாளரின் இருக்கை மாறுவதில்லை. முன்வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் கண்ணீர் தெரியும். பின்வரிசையில் இருப்பவருக்கு உருவம் மட்டுமே தெரியும். திரைப்படத்திலோ எல்லோருக்கும் ஒரே கண் கமராதான். எதை, எவ்வளவு தூரத்தில், எப்பக்கமிருந்து பார்ப்பது என்பதை நெறியாளரும் ஒளிப்பதிவாளரும் தீர்மானிக்கின்றனர்.

அ. தூரம்

1. தூரக் காட்சி: மனிதன் சிறிதாகவும் சூழல் பெரிதாகவும் தெரியும். இடத்தை அறிமுகப்படுத்தவும் தனிமையை உணர்த்தவும் உதவும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், பூத்த நாணற் புதர்களுக்கு அப்பால் தூரத்தே புகைவண்டி செல்கிறது. அக்கிராமத்துச் சிறுவருக்கு வெளியுலகம் எவ்வளவு தொலைவு என்பது சொல்லாமலே விளங்குகிறது.

2. நடுத்தரக் காட்சி: இடுப்புக்கு மேற்பட்ட பகுதி தெரியும். உரையாடலுக்கு ஏற்றது.

3. அண்மைக் காட்சி: முகம் திரையை நிரப்பும். பாத்திரத்தின் மனவுணர்வோடு பார்வையாளர் ஒன்றுவர்.

ஆ. கோணம்

1. கண்மட்டக் கோணம்: பாத்திரத்தைச் சமமானவராகக் காட்டும்.

2. தாழ்கோணம்: கமரா கீழிருந்து மேல்நோக்கும். பாத்திரம் வலிமையுடையதாகத் தோன்றும்.

3. உயர்கோணம்: கமரா மேலிருந்து கீழ்நோக்கும். பாத்திரம் பலவீனமாகத் தோன்றும்.

கவனிக்க: 'தாழ்', 'உயர்' என்பன கமரா இருக்கும் இடத்தையே குறிக்கும். மாணவர் பலர் இதனை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

மேலும், இவை மாறாத விதிகள் அல்ல. நல்லூர்த் தேர்த்திருவிழாவை உயர்கோணத்தில் எடுத்தால் பலவீனம் தோன்றாது. சனத்திரளின் பெருமையே தோன்றும். பொருளைத் தருவது கோணமும் சந்தர்ப்பமும் சேர்ந்தே.

இ. உதாரணம்

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா (1939–2014) 'மூன்றாம் பிறை' (1982) படத்தை நெறிப்படுத்தி, ஒளிப்பதிவும் செய்தார். ஒளிப்பதிவுக்காக இந்திய தேசிய விருதும் பெற்றார். இறுதிக் காட்சியில், நினைவு மீண்ட பெண் புகைவண்டியில் இருக்கிறாள். தன்னைப் பராமரித்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு நினைவூட்ட அவன் குரங்குபோல் ஆடிக்காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன். கதை முழுவதும் அவனோடு வந்த நமக்கோ நெஞ்சு கனக்கிறது. நாம் யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதே அனுபவத்தைத் தீர்மானிக்கிறது. தொலைக்காட்சிச் செய்தி பார்க்கும்போதும், தலைவர்களின் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதும் இதையே கேட்டுப் பாருங்கள்.

விடை எழுதும் முறை

"இது அண்மைக் காட்சி" என்று பெயர் மட்டும் எழுதுவது அரைவிடை. பெயர், திரையில் தெரிவது, பார்வையாளர் உணர்வது என மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக.

பயிற்சி

வெறிச்சோடிய பேருந்து நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் தாயை மூன்று காட்சிகளில் காட்டுக. ஒவ்வொன்றின் தூரத்தையும் கோணத்தையும் தெரிவு செய்து, காரணம் தருக.