‘மை பாதர்’ பற்றிப் பத்து வசனம்: நானாட்டான் பிள்ளைக்கு ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது?

‘மை பாதர்’ என்ற தலைப்பில் பத்து வசனம் எழுதச் சொல்வது எமது ஆங்கில வகுப்புகளில் தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம். அப்பாவின் பெயர் என்ன, தொழில் என்ன, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார், மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று எழுதினால் போதும். நிகழ்கால வினைச்சொற்களைப் பழக்குவதற்கு வசதியான பயிற்சி என்பதால்தான் ஆசிரியர்கள் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால், போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் மன்னார் மாவட்டத்தின் வகுப்பறைகளில், வீடு திரும்பாத அப்பாக்களின் பிள்ளைகளும் இதே தலைப்பில்தான் எழுத வேண்டியிருந்தது.

2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பாடசாலைக் கல்வியை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இப்போது வகுப்பில் இருப்பது அடுத்த தலைமுறை. இவர்களுடைய வீடுகளில் காணாமல் ஆக்கப்பட்ட பெரியப்பா இருக்கிறார், ஒரு காலை இழந்த அப்பா இருக்கிறார், மத்திய கிழக்கில் வேலை செய்யும் அம்மா இருக்கிறார். அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பற்றி உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் வந்துள்ளன. அவற்றில் எது நானாட்டானிலோ வங்காலையிலோ முருங்கனிலோ உள்ள ஒரு பிள்ளைக்குப் பொருந்தும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பரீட்சை தடுக்காது, பல்கலைக்கழகம் தடுக்கும்

கா.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்து, மூன்றில் திறமைச் சித்தி இருந்தால் உயர்தரம் படிக்கலாம். ஆங்கிலத்தில் சித்தியடையாவிட்டாலும் வழி அடைபடாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது. அதன் புள்ளி இசட் புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே பிள்ளை, பெற்றோர், பாடசாலை ஆகிய மூன்று தரப்பும் நேரத்தையும் காசையும் வேறு பாடங்களுக்கு ஒதுக்குவதில் வியப்பில்லை. ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், அந்த வெற்றிடம் மாதக்கணக்கில் நிரப்பப்படாவிட்டாலும், கணித ஆசிரியர் இல்லாதபோது எழும் குரல் எழுவதில்லை.

இதன் விலை பின்னர்தான் தெரியும். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரும் உண்டு. அதற்கான ஒதுக்கீட்டில் எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அங்கே மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பதின்மூன்று வருடங்கள் தமிழில் படித்துத் திறமையாகச் சித்தியடைந்த பிள்ளை, முதல் வருடத்தில் விரிவுரை விளங்காமல் உட்கார்ந்திருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இந்தக் கேள்வி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஐக்கிய நாடுகள் சபையின் அலுவல் மொழிகள் ஆறு; அவற்றில் தமிழ் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் தமிழில் சொன்னதை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதில் என்ன விடுபட்டது என்று வாசித்துப் பார்க்க அந்த வீட்டில் பெரும்பாலும் ஆளில்லை. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’ என்பார்கள். வாள் என்று பொருள். அது இல்லாதவனை வெட்டும் என்பதே அதன் கருத்து.

நான்கு முறைகள், சுருக்கமாக

முதலாவது, இலக்கண மொழிபெயர்ப்பு முறை. ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த வழி இது. விதியைச் சொல்வது, சொற்பட்டியலைப் பாடமாக்குவது, வசனத்தை மொழிபெயர்ப்பது என்று போகும். ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும் நடத்தலாம், பரீட்சைக்கும் உதவும். ஆனால் பிள்ளை வாய் திறக்காது.

இரண்டாவது, நேரடி முறை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மக்சிமிலியன் பெர்லிட்ஸ் தொடங்கிய பாடசாலைகள் இதைப் பரப்பின. தாய்மொழிக்கு இடமில்லை. பொருளைக் காட்டியும் செய்து காட்டியும் கற்பிக்க வேண்டும். சிறிய வகுப்பும் சரளமாகப் பேசும் ஆசிரியரும் இருந்தால்தான் இது நடக்கும்.

மூன்றாவது, கேட்டுச் சொல்லும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவத்தினருக்கு வேகமாகப் பிறமொழி பழக்கிய அனுபவத்திலிருந்து வளர்ந்தது. ஆசிரியர் ஒரு வசனத்தைச் சொல்ல வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். உச்சரிப்புக்கு நல்லது. பொருள் விளங்காமலே சொல்லிவிட முடியும் என்பது இதன் குறை.

நான்காவது, தொடர்பாடல் முறை. மொழியின் விதிகளை அறிந்தால் மட்டும் போதாது, யாரிடம் எந்த இடத்தில் எப்படிப் பேசுவது என்ற அறிவும் வேண்டும் என்று டெல் ஹைம்ஸ் போன்ற அறிஞர்கள் சொன்னதிலிருந்து 1970களில் பிறந்தது. சோடியாகப் பேசுதல், குழுவாகச் செய்தல், உரையாடல்கள் என்று எமது பாடநூல்கள் இன்று பின்பற்றுவது பெரும்பாலும் இதைத்தான். நல்ல முறைதான். ஆனால் நானாட்டானில் பாடசாலை வாசலைத் தாண்டினால் ஆங்கிலத்தில் பேச ஆளில்லை. கடையிலும் வயலிலும் தேவாலயத்திலும் தமிழ். பல அலுவலகக் கடிதங்களில் சிங்களம். பேசிப் பழக வெளியே இடம் இருக்கிறது என்று எண்ணி எழுதப்பட்ட முறை இங்கே ஒரு காலில் நிற்கிறது.

முறைகள் மேலிருந்து இறங்கும் விதத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்தது. ஆங்கிலத்தை எங்கள் பாணியில் பேசுவோம் என்ற சுலோகத்துடன், உச்சரிப்புப் பயத்தை விட்டுப் பேசச் சொன்ன திட்டம் அது. நோக்கம் சரியானது. அதே ஆண்டில் மாந்தை மேற்கு, மடுப் பிரதேசங்களின் பிள்ளைகள் பலர் முள்ளிவாய்க்கால் வரை போய், பின்னர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கூடாரங்களின் கீழ் இருந்தார்கள்.

வகுப்பில் தமிழ் பேசினால் குற்றமா?

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டம் அறவிடும் பாடசாலைகளை எமது வாசகர்கள் பலர் கண்டிருப்பார்கள். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் பொதுநலவாய நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு சிறுவயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பன போன்ற கருத்துகள் அங்கே வலுப்பெற்றன. இவை நிரூபிக்கப்படாத நம்பிக்கைகள் என்று 1992இல் மொழி ஏகாதிபத்தியம் பற்றிய தனது நூலில் ரொபர்ட் பிலிப்சன் வாதிட்டார்.

அந்த வாதத்துக்கு எமது மண்ணிலிருந்தே சான்று தந்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா. இன்று உலக அளவில் அறியப்பட்ட மொழியியல் பேராசிரியர். யாழ்ப்பாண வகுப்பறைகளை அவதானித்து 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில ஆசிரியர்கள் தமிழுக்கு மாறும் இடங்களைக் கவனமாகப் பார்த்தது. பிள்ளையை உற்சாகப்படுத்த, கடினமான கருத்தை விளக்க, பாடத்தை ஊர் வாழ்க்கையோடு இணைக்க ஆசிரியர்கள் தமிழைப் பயன்படுத்தினார்கள். இரண்டு மொழிகளையும் கலந்து கையாளும் திறனைப் பிள்ளைகள் அங்கே கூடவே பழகினார்கள்.

1999இல் வெளிவந்த அவரது நூலில் இன்னொரு விடயம் இருக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் படித்த ஆங்கிலப் பாடநூல் அமெரிக்க வாழ்க்கையைப் பற்றியது. வகுப்பில் மாணவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தின் ஓரங்களிலோ படங்கள் வரைந்தார்கள், சினிமாப் பாடல்களை எழுதினார்கள், அன்றைய போராட்டத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார்கள். பாடத்தில் இடம் கிடைக்காத வாழ்க்கை ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அதே மாணவர்கள் தமக்கு இலக்கணம் வேண்டும் என்றும் கேட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே இலக்கணத்தைத் தூக்கி எறியச் சொல்லும் புதுமைவாதமும் எமக்கு உதவாது.

கரும்பலகையும் சோக்கும் போதும்

வசதியற்ற வகுப்பறைக்கு நெருக்கமான ஒரு முயற்சி தென்னிந்தியாவில் நடந்தது. என். எஸ். பிரபு என்ற கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பாடசாலைகளில் இதைச் செய்து பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று அறியப்படும் இதில் இலக்கணம் தனிப்பாடமாகக் கற்பிக்கப்படவில்லை. பிள்ளைகள் யோசித்து விடை காணவேண்டிய ஒரு வேலை கொடுக்கப்பட்டது. புகையிரத நேர அட்டவணை, வரைபடம் போன்றவையே பாடப்பொருள். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் ஒரு வேலையைச் செய்வார். பிறகு அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும். மனம் விடையில் இருக்கும்போது மொழி கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது பிரபுவின் எண்ணம். இதற்குக் கரும்பலகையும் சோக்கும் கடதாசியும் போதும்.

நானாட்டானில் இதை எப்படிச் செய்யலாம்? கட்டுக்கரைக்குளத்தின் நீரில் வயல் செய்யும் ஊர்களின் பிள்ளைகளுக்கு விதைப்பும் அறுவடையும் தெரியும். கரும்பலகையில் ஆங்கிலத்தில் மூன்று தகவல்கள் எழுதுங்கள். ஒரு விவசாயி நவம்பர் 5ஆம் திகதி விதைக்கிறார். நெல் 105 நாள் வயதுடையது. அறுவடை இயந்திரம் பெப்ரவரி 10 முதல் 15 வரைதான் கிடைக்கும். இந்த இயந்திரம் அவருக்கு உதவுமா? பிள்ளைகள் நாட்களை எண்ணி, பெப்ரவரி 18இல்தான் பயிர் முற்றும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கூடிப் பேசும்போது தமிழ் வரட்டும். விடையையும் காரணத்தையும் ஆங்கிலத்தில் இரண்டு வசனமாகச் சொல்ல வேண்டும். ஏன் என்பதற்கான சொல், எதிர்காலத்தைக் குறிக்கும் வினை, மாதங்களின் பெயர்கள் எல்லாம் இந்த ஒரே கணக்குக்குள் வந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் அந்த இலக்கணத்தைத் தமிழில் விளக்கலாம்.

1990இல் நின்றுபோய் 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை ஓடிய புகையிரதத்தின் அட்டவணையும் இப்படிப் பயன்படும். முருங்கன் நிலையத்தில் ஏறிக் கொழும்பில் காலைப் பரிசோதனைக்குப் போகவேண்டிய நோயாளி எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? வங்காலை மீன் வியாபாரியின் வரவு செலவு, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், மருந்துப் போத்தலின் குறிப்பு என்று பட்டியல் நீளும்.

இந்த முறைக்கும் குறை உண்டு. பிள்ளை எதிர்பாராத விடையைச் சொல்லும்போது ஆசிரியர் ஆங்கிலத்தில் உடனே பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தயங்கும் ஆசிரியருக்குத் தயாரித்த குறிப்புகள் தேவை. எல்லாருக்கும் சிறந்த ஒரே முறை என்று ஒன்று இல்லை என்று 1990இல் பிரபுவே எழுதினார். தான் செய்வது தன் வகுப்பில் ஏன் பலன் தருகிறது என்ற தெளிவு ஆசிரியருக்கு இருக்க வேண்டும் என்பதையே அவர் முக்கியமாகக் கருதினார்.

சொந்த வாழ்க்கையைக் கேட்கும்போது

பிள்ளையின் வாழ்க்கையைப் பாடத்துக்குள் கொண்டுவா என்பது ஒரு விடயம். பிள்ளையின் வீட்டை வகுப்பின் முன் திறந்து காட்டு என்பது வேறு விடயம். ‘உன் குடும்பம்’, ‘உன் வீடு’, ‘மறக்க முடியாத நாள்’ என்ற தலைப்புகள் அமைதியான ஊர்களுக்குச் சிரமமில்லாதவை. இங்கே அவை காயத்தைத் தொடலாம். பயமும் பதற்றமும் உள்ள மனதுக்குள் புதிய மொழி இறங்காது என்று 1980களிலிருந்தே ஸ்டீபன் கிராஷன் வலியுறுத்தி வருகிறார். எமது ஆசிரியர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

செய்யக்கூடிய மாற்றங்கள் சிறியவை. ‘மை பாதர்’ என்பதற்குப் பதிலாக, ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்’ என்று கொடுக்கலாம். அப்பாவைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும், அம்மம்மாவைப் பற்றி எழுதுகிற பிள்ளையும் எழுதட்டும். கற்பனை மனிதரைப் பற்றி எழுதவும் அனுமதி இருக்க வேண்டும். எழுதியதைச் சத்தமாக வாசிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு பிள்ளை இழப்பைப் பற்றித் தானாக எழுதினால், முதலில் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தாமல் எழுதிய விடயத்துக்குப் பதில் எழுத வேண்டும். திருத்தம் அடுத்த நாள் செய்யலாம்.

பெற்றோரும் வலயமும் செய்யக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. இந்தத் தவணையில் எத்தனை ஆங்கிலப் பாடவேளைகள் ஆசிரியர் இல்லாமல் போயின? ஒரு பாடவேளையில் என் பிள்ளை எத்தனை தடவை வாய் திறக்கிறது? தரம் 3இலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளையால் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முடியுமா? இவற்றைக் கேட்க ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்கவேண்டியதும் பெரிய செலவுள்ள காரியம் அல்ல. சேவைக்கால ஆலோசகர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, இந்தப் பிரதேசத்தின் வயல், கடல், பயணம், அலுவலகம் சார்ந்த இருபது வேலைகளை, ஆசிரியருக்கான ஆங்கிலக் குறிப்புகளுடன் தயாரித்துச் சகல பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம். நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையில், பதிலுக்கு வரும் ஆசிரியரும் அதை வைத்து அன்றைய வகுப்பை நடத்த முடியும். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்னரே இதைச் செய்து முடிக்கலாம்.