கலங்கினும் கவிழாத நெஞ்சம்

துன்பம் வந்துற்ற காலத்தில் மனிதர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றிற் செல்வதைக் காண்கிறோம். சிலர் கடவுளையே நொந்து, 'இத்தனை நாள் விளக்கேற்றியதற்கு இதுவா பலன்?' என்று கேட்கின்றனர். வேறு சிலர் 'எல்லாம் அவன் செயல்' என்று கண்ணீரை விழுங்கிக்கொண்டு, கையையும் கட்டிக்கொண்டு இருந்துவிடுகின்றனர். முன்னவர் நம்பிக்கையை இழக்கின்றனர். பின்னவர் நம்பிக்கையை வைத்துக்கொண்டே வாழ்க்கையை இழக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அழவேண்டிய இடத்தில் அழுது, செய்யவேண்டிய காரியத்தைச் செய்து, பகைக்கு நெஞ்சில் இடங்கொடாதிருப்பது அது. புத்தளக் கரையில் வாழும் கத்தோலிக்க மக்களின் வரலாற்றில் அவ்வழியை நான் காண்கிறேன். சைவனாகிய நான் இதைப்பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அயல்வீட்டு விளக்கின் ஒளி நம் முற்றத்திலும் விழத்தானே செய்கிறது!

தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டையும் தாண்டிச் செல்வது இந்தக் கரை. வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. தென்னை, உப்பு, மீன் என்னும் மூன்றுமே பிழைப்பு. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், பௌத்தர் ஆகிய நால்வரும் ஒரே காற்றையும் ஒரே கடலையும் நம்பி வாழ்கின்றனர்.

இக்கரைச் சைவர் ஒன்றை மறப்பதில்லை. 1578ஆம் ஆண்டில் முன்னேசுவரத்தை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். சிலுவையின் பெயரைச் சொல்லி வந்த அதிகாரம் அன்று பிறர் கோயிலைத் தகர்த்தது. அதை மறைத்துவிட்டு நல்லதை மாத்திரம் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் காலச்சக்கரம் விரைவிலேயே சுழன்றது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து அகற்றினர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே, எனினும் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர்கள். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். குருவானவர் ஒருவருக்கு மறைவாக இடங்கொடுத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டிற் பறைசாற்றினார்கள். 1667ஆம் ஆண்டு முதல் 1676 வரை கற்பிட்டியிற் கோட்டையும் கட்டினார்கள். ஆள்வோரின் மதமாக இருந்தது ஒரே தலைமுறைக்குள் ஒளித்துவைக்க வேண்டிய மதமாயிற்று. அதிகாரம் துணைநின்ற காலத்திற் பெறாத முதிர்ச்சியை இம்மக்கள் அதனை இழந்த பின்னரே பெற்றனர் என்பது என் கருத்து.

அவ்வாறு குருவுமின்றிக் கோயிலுமின்றி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1687இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு தோணியில், கூலியாளின் கோலத்தில், ஒருவர் இலங்கைக்கு வந்தார். அவரே யோசேவாஸ் முனிவர். கோவாவின் பெனோலிம் என்ற ஊரில், 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கொங்கணிப் பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். 1676இற் குருப்பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்தை அடைந்தபொழுது வயிற்றுக்கடுப்பினால் உயிர் போகும் நிலை. நோய் தணிந்ததும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். பகலிற் பிச்சைக்காரர், இரவிற் குருவானவர். 1689ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் பிடிக்க வந்தபொழுது தப்பினார். அடுத்த ஆண்டில் அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம்.

ஏன் புத்தளம்? கற்பிட்டி ஒல்லாந்தர் கையிலிருந்தது. புத்தளமோ கண்டி அரசனின் ஆட்சியில் இருந்தது. பௌத்த அரசனின் நிழலில் ஒரு கத்தோலிக்கத் துறவி, கிறிஸ்தவ அரசாங்கத்தின் தண்டனைக்குத் தப்பி ஒதுங்கினார். சரித்திரத்தின் இத்தகைய விசித்திரங்களை மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிறார்கள். மதம் வேறு, மனிதத்தன்மை வேறு என்று வாதிடுவோர் இந்த ஒரு செய்தியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1692இல் அவர் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே வாழ்ந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், 'இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர்' என்று அரசனிடம் கூறவே, இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். சிறையில் அவர் செய்த காரியமே இக்கட்டுரைக்கு உயிர்நிலை. தம்மேற் பழி சுமத்தியவரைத் தூற்றிக்கொண்டிருக்கவில்லை; ஆண்டவன் கைவிட்டான் என்று சோர்ந்து கிடக்கவுமில்லை. சிங்களம் கற்றார்! சிறையிடத்திலேயே ஒரு குடிலமைத்து, மரச்சிலுவை நட்டு, நத்தார்ப் பூசை நிறைவேற்றினார். 1696இல் வறட்சி வந்தபொழுது அவர் செபித்தவுடன் மழை பெய்ததென்றும், அதனால் அரசன் அவருக்குப் போதிக்கும் உரிமை கொடுத்தானென்றும் அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். மழை பெய்த அற்புதத்தைக் காட்டிலும், சிறையில் உட்கார்ந்து தம்மைச் சிறைவைத்தவர்களின் மொழியைக் கற்ற அந்தப் பொறுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மறு ஆண்டிற் கண்டியில் அம்மை நோய் பரவியது. உற்றாரே நோயாளரை விட்டு ஓடிய அக்காலத்தில், அவரும் அவருடைய துணைவரும் மதபேதம் பாராமற் பணிவிடை செய்தனர். கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களை அடக்கஞ் செய்தனர். அப்பொழுது கைகொடுத்தது அவர் சிறையிற் கற்ற சிங்களம்.

சைவர்களாகிய நமக்கு இவ்விடத்தில் அப்பரடிகள் நினைவுக்கு வருவார். நீற்றறையில் இட்டபொழுதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தபொழுதும் நிலைகுலையாதவர் அவர். உழவாரப் படையை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதை அவர் தம் தொண்டாகக் கொண்டது தற்செயலன்று. திருவள்ளுவரும் இடுக்கணழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துவைத்தார். நம்பிக்கை உள்ளவனின் கை சும்மா இருப்பதில்லை என்பதில் இரு சமயங்களும் ஒத்த கருத்துடையன.

ஆனால் ஒன்று. கை ஓயாதிருப்பது எல்லாருக்கும் இயலும். கண்ணீரை என் செய்வது? நம்பிக்கையுள்ளவன் அழக்கூடாது என்றொரு தவறான எண்ணம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இழவு வீட்டிற்குச் சென்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'அழாதே, கடவுளின் சித்தம்' என்று உபதேசிப்போரை நாம் கண்டிருக்கிறோம். விவிலியத்தில் வரும் யோபு அப்படி வாய்மூடி இருக்கவில்லை. மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தபின், தாம் பிறந்த நாளையே சபித்தார்; கடவுளோடு வழக்காடினார். அவருக்கு உபதேசஞ் செய்ய வந்த நண்பர்களே ஈற்றிற் கடவுளின் கண்டனத்துக்கு உள்ளாயினர். இயேசுநாதரும் லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார் என்று சுவிசேஷம் சொல்கிறது. ஆதலால் அழுகை அவிசுவாசமாகாது.

இந்த உண்மையை இக்கரை மக்களின் உள்ளத்தில் ஊன்றியவர் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, யோசேவாஸ் முனிவருக்குத் துணைநின்று, தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் இயற்றியவர். 1742ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் போலவத்தையில் இறந்தார். வென்னப்புவவுக்கு அண்மையிலுள்ள அவ்வூர்த் தேவாலயத்திலேதான் அவருடைய கல்லறை உள்ளது. அவருடைய தமிழ் நூல்களுள் ஒன்று 'வியாகுலப் பிரசங்கம்'. கிறிஸ்துநாதரின் பாடுகளைக் கூறும் ஒன்பது பிரசங்கங்கள் கொண்டது. தவக்காலத்தில் மக்கள் கூடியிருக்க, ஒப்பாரி போன்ற இராகத்தில் அதனை வாசிப்பது வழக்கம். கேட்போர் விம்மி அழுவர். ஒல்லாந்தர் காலத்திற் குருவானவர் வருவது ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோதான். எஞ்சிய நாட்களிற் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்ததும், இறந்தோரை அடக்கஞ் செய்ததும், வாசித்ததும் அண்ணாவிமாரும் மூப்பர்களுமே. தங்கள் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாத மக்களுக்கு, இன்னொருவர் துயரத்துக்காக ஊர்கூடி அழ இடமிருந்தது. அழுது எழுந்து, மறுநாட் காலையில் வலையெடுக்கச் சென்றார்கள். துக்கத்துக்கு ஒரு காலமும் ஒரு வரையறையும் வகுத்துக் கொடுத்த அந்தச் சுவாமியாரை நான் பெரும் உளநூல் வல்லவர் என்றே மதிக்கிறேன். (இன்று சிங்களம் பேசும் இக்கரைக் குடும்பங்கள் பலவற்றின் பாட்டிமார் தமிழிற் செபித்தவர்கள். பாடசாலை மொழி மாறியபொழுது வீட்டு மொழியும் மாறியது. தமிழாசிரியனாகிய எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. ஆயினும் அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

1806இல் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவிலவில் இப்போதிருக்கும் புனித அன்னம்மாள் ஆலயம் 1837க்கும் 1843க்கும் இடையிற் கட்டப்பட்டது. வறுமையால் கரைவழியே நடந்து சென்ற போர்த்துக்கேயர் ஒருவர் மரத்தடியில் உறங்கியபொழுது கண்ட கனவே அத்தலத்தின் தொடக்கம் என்பது கர்ணபரம்பரைக் கதை. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நிகழும் திருவிழாக்களுக்குச் சைவரும் பௌத்தரும்கூடச் சென்று நேர்த்தி வைக்கின்றனர்.

சட்டங்கள் நீங்கினாலும் கடல் மாறவில்லை. சோளகக் காற்று எழுந்தால் மேற்குக் கரையில் தொழில் இல்லை. பலர் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைப்பர். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி மூழ்கியபொழுது, அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் இக்கரையிலும் ஒதுங்கின. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், சிறு படகுகளின் எஞ்சினுக்கு வேண்டிய மண்ணெண்ணெயின் விலை, ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. நாள் முழுவதும் வலை இழுத்தவன் எண்ணெய்க் கடனை அடைக்கவே போதாதென்று ஆயிற்று. இவ்வகைத் துன்பத்துக்கு வரலாற்று நூலில் இடமில்லை. ஆனால் நம்பிக்கையை நாளாந்தம் அரித்துத் தின்பது இதுவே.

எல்லாவற்றிலும் கொடிய சோதனை 2019ஆம் ஆண்டு வந்தது. உயிர்த்த ஞாயிறு அன்று நாட்டின் பல இடங்களில் வெடித்த குண்டுகளால் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகா ஓயாவைத் தாண்டினால் வெகு தூரமில்லாத நீர்கொழும்பு, கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் மாத்திரம் நூறு பேருக்கு மேல் இறந்தனர். இக்கரைக் குடும்பங்களுக்கு அவ்வூர் உற்றார் உறவினர் வாழும் இடம். அந்நாள் ஏப்ரல் 21. யோசேவாஸ் முனிவர் பிறந்த தினம்! 2015இற் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தி நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன.

கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மக்களை அமைதி காக்கும்படி வேண்டினார். ஆயினும் மே மாதத்தில் இக்கரையிலேயே தீ மூண்டது. முகநூலில் இடப்பட்ட ஒரு வரியைக் காரணங்காட்டிச் சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள், மே 13ஆம் திகதி, புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கலகக்காரரால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கியது இந்த மாவட்டத்தில்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒருமுறை வீடிழந்தவர்கள் மீண்டும் கதவை அடைத்துக்கொண்டு இரவைக் கழித்தனர். பிறருடைய துக்கத்தைத் தமக்கு ஆயுதமாக எடுத்துக்கொள்வோர் எக்காலத்திலும் இருப்பர். அந்த ஆயுதத்தை அவர்கள் கையில் எடுத்துக் கொடாதிருப்பதே துக்கமுற்றோருக்கு மிகக் கடினமான கடமை.

கட்டுவாப்பிட்டிய மக்கள் தங்கள் ஆலயத்தைத் திருத்தி, அவ்வாண்டு யூலை 21ஆம் நாள் மீண்டும் திறந்தனர். கூரையும் சுவரும் புதிதாயின. இரத்தந் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபத்தை மாத்திரம் துடைக்காமல், கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வைத்திருக்கின்றனர். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் பிரசங்கித்தார். மன்னித்தபின் வழக்கெதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் முரண்பாடு தென்படவில்லை. மன்னிப்பு, செய்தவனுக்கும் நமக்கும் இடையிலுள்ள காரியம். உண்மையை அறிவது, இன்னும் பிறக்கவிருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறினர் என்று தொடுக்கப்பட்ட மனுக்களில், உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. அம்மனுக்களைத் தாக்கல் செய்தோரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தனர், குருமாரும் இருந்தனர்.