ஆகாயத்தில் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கண்ணெதிரே கட்டும் வீட்டுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், இன்னும் எழும்பாத கட்டடத்தின் முப்பதாவது மாடியில் வீடு வாங்குகிறவருக்கு எத்தனை எச்சரிக்கை வேண்டும்! கானடா தேசத்து டொரண்டோ நகரில் சமீப வருஷங்களில் நடந்ததைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியுள்ள நகரம் அது. ஆகையால் அங்குள்ள லாப நஷ்டம் நமக்கு அந்நியமான விஷயமல்ல.

அடுக்கு மாளிகையில் தனித்தனியே விற்கப்படும் வீட்டை அங்கே 'கொண்டோ' என்கிறார்கள். வீட்டின் உட்புறம் நமக்குச் சொந்தம்; நிலமும் லிப்டும் மாடிப்படியும் எல்லோருக்கும் பொது. கட்டடம் எழும்புவதற்குச் சில வருஷங்கள் முன்னதாகவே, வரைபடத்தைக் காட்டி விற்பது அவ்வூர் வழக்கம். வாங்குகிறவர் பொதுவாக விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தவணைகளில் முன்பணமாகச் செலுத்துகிறார். மீதிக்குப் பாங்கிக் கடன்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விலை இன்றே நிச்சயமாகிவிடுகிறது. கடனோ, கட்டடம் முடிந்து கிரயம் ஆகும் சமயத்தில்தான் நிச்சயமாகிறது. இடையில் உலகம் மாறாமல் இருக்குமா? 2022-ஆம் வருஷத் தொடக்கத்தில் கானடா மத்திய பாங்கியின் வட்டி விகிதம் நூற்றுக்கு 0.25. 2023 ஜூலையில் அது 5 ஆயிற்று! மலிவான வட்டியை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் திகைத்தார்கள். வாங்குவோர் குறைந்தனர், விலையும் சரிந்தது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 7,00,000 டாலருக்கு வீடு பேசி, 1,40,000 டாலர் முன்பணம் கட்டியிருக்கிறார். பாக்கி 5,60,000 டாலர். வீடு முடிந்ததும் பாங்கி அதை மதிப்பிடுகிறது. "இன்று இதன் மதிப்பு 5,60,000 டாலர்தான், அதில் நூற்றுக்கு 80 கடன் தருவோம்" என்கிறது. கிடைப்பது 4,48,000 டாலர். குறைகிற 1,12,000 டாலரை அவர் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் முன்பணம் போகும். அத்துடன் விடுவார்களா? வீட்டை வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, மேற்கொண்டு ஏற்பட்ட நஷ்டத்துக்காகக் கட்டடக் கம்பெனி அவர்மீது வழக்கும் தொடரலாம்.

"குடியேறாவிட்டால் என்ன, வாடகைக்கு விடலாமே!" என்று சிலர் நினைக்கலாம். உயர்ந்த கோபுரத்தின் தொல்லை அதில்தான் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிகின்றன. அதே யோசனை பக்கத்து வீட்டுக்காரருக்கும் தோன்றுகிறது. மேல் வீட்டுக்காரருக்கும் தோன்றுகிறது. ஆகவே வாடகை இறங்குகிறது. ஆனால் லிப்டுக்கும் காவலுக்கும் பழுது பார்ப்பதற்குமான மாதக் கட்டணம் இறங்குவதில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் அதைச் செலுத்தியே தீர வேண்டும். பொது நிதி போதாமல் பெரிய ரிப்பேர் வந்துவிட்டால், தனி வரியும் தலையில் விழும்.

"விலை இறங்கியிருக்கிறதே, வாங்க இதுதானே நல்ல சமயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கிய விலை இன்னும் இறங்காது என்று யார் ஜாமீன் கொடுத்தார்கள்? ஐந்தில் ஒரு பங்கு கைப்பணம் போட்டவருக்கு, விலையில் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் கைப்பணம் முழுவதும் போனதாகவே அர்த்தம்.

டொரண்டோ அடங்கிய ஒண்டாரியோ மாகாணத்துச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. புதிய கொண்டோவைக் கட்டுகிறவரிடமிருந்து வாங்குகிறவர், பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அந்தப் பத்து நாட்களில் பத்திரத்தை வக்கீலிடம் காட்டட்டும். பிறகு இரவில் தனியே உட்கார்ந்து தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: "விலை இன்னும் விழுந்து, வட்டி ஏறி, வாடகைக்கும் ஆள் வராவிட்டால், இந்த வீட்டில் நானே குடியிருந்து கடனை அடைக்க முடியுமா?"

முடியும் என்று மனம் துணிந்து சொன்னால் வாங்கலாம். தயங்கினால், வாடகை வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கலாம். முப்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் ஊரே அழகாய்த்தான் தெரியும்; ஆனால் கடன் பத்திரத்தைத் தரையில் நின்றுதான் படிக்க வேண்டும்.