ஒற்றைக் கடுகு

தாளிக்காத தயிர் சாதத்தில், கரண்டியோடு எப்படியோ ஒட்டி வந்துவிட்ட ஒற்றைக் கடுகைக் கண்டமாத்திரத்தில், அதுவரை சமர்த்தாக உண்டுகொண்டிருந்த குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தோடினால், "இரண்டு வேளை பட்டினி போடு, தானே தின்பான்" என்று பாட்டி சொல்லுவது நம் வீடுகளில் சகஜம்; ஆனால் அக்குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமாயின் அந்த வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை, சில சமயம் விபரீதமாகவும் முடியும்.

1943-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 11 குழந்தைகளின் விருத்தாந்தங்களை எழுதி ஆட்டிசத்தை விவரித்தபோதே, அவர்களில் பலர் சிசுப் பருவத்திலிருந்தே ஆகாரத்தோடு மல்லுக்கு நின்றதைக் குறித்திருக்கிறார். பிடிவாதம் என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் இந்திரியங்களின் அவஸ்தைதான். நமக்கு வெறும் வழவழப்பாகத் தோன்றும் வெண்டைக்காய், அந்த நாவுக்குச் சகிக்கவொண்ணாத ஸ்பரிசம். வீட்டு இட்லியோ மாவு புளித்த அளவுக்கேற்ப நாளொரு ருசி காட்டும். பொட்டலத்து பிஸ்கோத்துதான் நேற்றைப்போலவே இன்றும் இருக்கிறது. அதன் உறையின் நிறம் மாறிய அன்று அதையும் தொடமாட்டேன் என்கிற குழந்தைகள் உண்டு.

2013-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உணவுச் சிக்கல் இக்குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமென்றும், கால்சியமும் புரதமும் அவர்களுக்குக் குறைவாகச் சேர்கின்றனவென்றும் தெரியவந்தது. உயரத்திலும் எடையிலும் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. தராசு பேசாத இடத்தில்தான் ஆபத்து பதுங்கியிருக்கிறது. பழமும் காயும் அறவே தொடாத குழந்தை, ஒருநாள் கால்வலியென்று நொண்டத் தொடங்கி, எலும்புக்கும் மூட்டுக்குமாகப் பரிசோதனைகள் பல செய்தபின், அது பழைய காலத்து மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வியே என்று கண்டு, வைட்டமின் சி கொடுத்தபின் மறுபடி நடக்கத் தொடங்கிய சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் ஒன்றிரண்டல்ல. இருப்பதே நாலைந்து பண்டமாயிருக்க, கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்ற, தக்க சான்றில்லாத பேச்சை நம்பி அவற்றிலும் கைவைப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

இக்குழந்தைகளைப் புது உணவுக்குப் பழக்குகிற நிபுணர்கள், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சொத்தைப்பல் இவை உண்டாவென்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு பழகிய சாதத்தின் பக்கத்திலேயே, அதைத் தொடாமல், அரிசியளவு காரட் ஒன்றை வைக்கிறார்கள். சில நாள் அது தட்டில் இருந்தால் போதும். பிறகு விரலால் தொடலாம், முகரலாம், உதட்டில் வைக்கலாம். வாய்க்குள் போனதைத் துப்பினாலும் யாரும் அதட்டுவதில்லை, துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது.