ஜீப் உள்ளே போகும், வெளியே வருமா?

சென்ற மாதம் நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வாங்கியிருக்கிறார். சாத்புரா மலைக்காட்டில் விடுதி, விளக்கு, குழாய் ஏதுமில்லாத இடத்தில் இரண்டு இரவு தங்க ஆசையாம். "அங்கிள், நீங்கள்தான் சர்வே காம்ப்பில் இருந்தவராயிற்றே" என்றார்கள். அவர்களிடம் சொன்னதை எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். மற்ற காப்புக் காடுகளுக்கு 1927-ம் ஆண்டு வனச் சட்டம் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "செல்போன் மேப்பில் தடம் தெரிகிறதே" என்றான் ஒருவன். தடம் இருப்பதால் நமக்கு வழி உண்டு என்று ஆகிவிடாது.

அடுத்தது வண்டி. ஒற்றை வண்டியில் போகவே கூடாது. ஒன்று புதைந்தால் மற்றொன்று இழுக்க வேண்டும். மணலில் டயர் காற்றை 20 பவுண்டு அளவுக்கு இறக்கினால் சக்கரம் அகலமாகப் பதிந்து ஏறிவிடும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் அடைக்கப் பம்பு வேண்டும். சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள். லோ கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். மலைப்பாதையில் ரயிலை இறக்குமுன் பிரேக்கைச் சோதிக்காமல் நாங்கள் விட்டதில்லை. ஓடையைக் கடக்குமுன் ஒருவர் கம்போடு நடந்து ஆழம் பார்க்க வேண்டும்.

இடம் தேர்வதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1984-ல் பேதுல் பக்கம் அளவைப் பணியின்போது நானும் ஏமாந்தேன். வறண்ட நாலாவின் வெண்மணல் மெத்தைபோல் இருந்ததால் அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னேன். வயதான கலாசி ஒருவர் தலையை ஆட்டினார், நான் கேட்கவில்லை. எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்தது. எங்கோ மேலே மலையில் பெய்த மழை நடுராத்திரியில் இறங்கி வந்தது. ஆட்கள் தப்பினோம். லெவல் கருவியும் ஒரு வார அளவைப் புத்தகங்களும் போய்விட்டன. கரைமேல், பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோட்டுக்கும் மேலேதான் கூடாரம்.

மார்ச், ஏப்ரலில் மஹுவா மரத்தடியும் ஆகாது. நம் ஊர் இலுப்பையின் இனம்தான். உதிரும் பூவைத் தின்னக் கரடி வரும். திடீரென்று எதிர்ப்பட்ட மனிதனைத் தாக்க அது தயங்காது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. இரவில் திரியும், தரையில் படுத்தவர் போர்வைக்குள் வரும். கடித்தால் பெரிதாக வலிக்காது, வீக்கமும் இராது. "எறும்பு" என்று திரும்பிப் படுப்பவர் விடியலில் வயிற்றுவலியோடும் இமை சொருகியும் எழுவார், எழாமலும் போகலாம். அதனால் கட்டில் அவசியம். கொசுவலையின் ஓரத்தை விரிப்புக்கடியில் செருகிவிட வேண்டும். கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எங்கே, ராத்திரியில் எத்தனை மணி நேரம் என்பதைக் கிளம்புமுன்பே விசாரித்து வையுங்கள். வண்டியைப் பகலிலேயே வெளியேறும் திசைக்குத் திருப்பி நிறுத்திச் சாவியை எல்லோரும் அறிந்த இடத்தில் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

தீ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை நாம் மறக்கவில்லை. அனுமதியில் தீ மூட்டலாம் என்று இல்லையென்றால் மூட்டாதீர்கள். புளிசாதமும் தயிர்சாதமும் இரண்டு நாள் தாங்காவிட்டாலும் அவலும் வெல்லமும் தாங்கும். மலம் கழிக்க, நீரிலிருந்து 200 அடி தள்ளி ஆறு அங்குலக் குழி தோண்டி மூடுங்கள். பிளாஸ்டிக் அத்தனையும் வீடு திரும்ப வேண்டும். காட்டோரக் கடைசிக் கிராமத்தில் ஒருவரிடம், "ஞாயிறு மாலைக்குள் வராவிட்டால் தேடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பையன்கள் டிசம்பரில் இரண்டு வண்டியாகப் போகிறார்களாம். என்னிடமுள்ள பழைய கான்வாஸ் மடக்குக் கட்டில் இரண்டையும் இரவல் கேட்டிருக்கிறார்கள். துணி மாற்றத் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.