மரவள்ளிப் பயிரும் இலையின் மதகுகளும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் சுற்றுப்புறங்களிலும் கல்வராயன் மலையிலும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி பயிராகி வருவது யாவரும் அறிந்ததே. இக்கிழங்கு நிலத்தினின்றும் சாம்பல் சத்தை மிகுதியாகக் கொண்டு செல்வது. எனினும், செடி தழைத்திருப்பதைக் கண்டு குடியானவர் சிலர் இரண்டாந் தடவை இடவேண்டிய பொட்டாஷ் உரத்தை நிறுத்திவிடுகின்றனர். அது நஷ்டமாக முடியும் காரணத்தை ஈண்டு விளக்குவோம்.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் பல உள. ஒவ்வொரு துளையையும் இரண்டு காவல் உயிரணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. அவற்றின் மெல்லிய சவ்வில், சாம்பல் சத்துச் செல்வதற்கென்றே புரதத்தாலான வாயில்கள் அமைந்துள்ளன. காலை வெயில் பட்டதும் உயிரணுவானது நேர்மின் கொண்ட ஹைட்ரஜனை வெளியே தள்ளும். அதனால் உட்புறத்தில் எதிர்மின் தன்மை மிகும். இம்மின்சார மாறுதலே வாயிலைத் திறக்கும் சாவி. நேர்மின் கொண்ட சாம்பல் சத்து உட்புக, நீரும் அதனைத் தொடரும், உயிரணுக்கள் உப்பி வளையும், துளை திறக்கும். கரியமிலவாயு உட்சென்று, வெயிலின் உதவியால் மாவுப்பொருளாகிக் கிழங்கிற் சேரும்.

மண் காய்ந்தாலோ, அப்சிசிக் அமிலம் என்பதொன்று செடியிற் பெருகி இம்மின்னிலையைத் தளர்த்தும். உட்செல்லும் வாயில் அடைபட்டு, வெளிச்செல்லும் வாயில் திறக்கும். சத்தும் நீரும் வெளியேறத் துளை மூடிக்கொள்ளும். ஏரி மதகைக் காலமறிந்து திறந்தடைப்பது போன்றது இவ்வேற்பாடு.

இவ்வாயில்களை அறிய உதவியது, ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்காளான். சாம்பல் சத்தை ஈர்க்கும் சக்தி குன்றிய ஈஸ்டினுள், அரபிடாப்ஸிஸ் என்னும் கடுகினச் செடியின் மரபுக்கூறுகளைப் புகுத்தினர். சத்து அருகிய நீரிலும் ஈஸ்ட் வளரலாயிற்று. இவ்வாறு 1992-ம் வருஷத்தில் இரண்டு வாயில்கள் கண்டறியப்பட்டன: ஒன்று வேரில் சத்தை ஈர்ப்பது, மற்றொன்று காவல் உயிரணுக்களில் உள்ளது.

சத்துக் குறைந்த செடியில் வாயில் இருந்தும் பயனில்லை. துளைகள் வேண்டும்போது நன்கு திறவா. வறட்சியில் விரைந்து மூடா. செடி முதிர்ந்த இலைகளிலுள்ள சத்தை இளந்தளிருக்கு அனுப்புவதால், மேற்பகுதி பசுமையாகவே தோன்றும். ஆகவே அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இறவை மரவள்ளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபார்சு, ஹெக்டேருக்கு 240 கிலோ சாம்பல் சத்து. பாதியை அடியுரமாகவும், பாதியை 90-ம் நாள் மண் அணைக்கும்போதும் இடுதல் வேண்டும். 60 சதவீதச் சத்துள்ள மியூரியேட் ஆப் பொட்டாஷானால், தடவைக்கு ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ ஆகும். இவ்வுரம் பெரும்பாலும் கடல் கடந்து வருவதாகலின், மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுதல் நலம். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.