அண்ணன் கம்ப்யூட்டருக்கு ஒரு காற்றுக்கூண்டு



எங்க அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றார். வீட்டுச் செலவில் பாதி அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுது. போன ஏப்ரலில் வெயில் ஏற ஏற அது பாதி வேலையில் தானாக அணைந்துபோக ஆரம்பித்தது. ஒருநாள் நாலு மணி நேர வேலை அப்படியே போச்சு. அண்ணன் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரைக் குளிரவைப்பது தண்ணீர். பிராசசர் மேல் ஒரு செம்புக் கட்டி இருக்கும். அதில் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறி காற்றடித்து ஆற்றும். ஆறிய தண்ணீரைப் பம்ப் திரும்ப அனுப்பும். பஸ்ஸில் இருக்கிற அதே ரேடியேட்டர்தான், ஆனால் உள்ளங்கை அகலம்!

தூசி தட்டலாம்னு விசிறியைக் கழற்றினேன். ரேடியேட்டர் முழுக்கத் தூசி, நடுவில் மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று இருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: தூசி வரலைன்னா அங்கே காற்றும் வரலை! விசிறியின் நடுவில் மோட்டார் இருக்கு, இறக்கை இல்லை. விசிறி ரேடியேட்டரோடு ஒட்டி நின்றால் மோட்டாருக்கு நேர் பின்னாடி இருக்கும் தகடுகளுக்குக் காற்று சரியாகப் போகாது. கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து, சுற்றிலும் அடைத்துவிட்டால் காற்று பரவி நடுவுக்கும் வரும். அந்த அடைப்புக்கு ஆங்கிலத்தில் ஷ்ரவுட் என்று பெயர். நான் காற்றுக்கூண்டு என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் செருப்பு டப்பா அட்டையில் செய்தேன். விசிறி ஓடிய அதிர்வில் ரெண்டே நாளில் தளர்ந்துவிட்டது. ரிப்பேர் கடையில் ஒரு செத்துப்போன விசிறியைக் கேட்டு வாங்கினேன். அதே 120 மி.மீ. அளவு, 25 மி.மீ. கனம். நடுவில் மோட்டாரைத் தாங்கும் கைகளைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, மோட்டாரையும் இறக்கையையும் எடுத்துவிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்தேன். மிஞ்சிய சட்டம்தான் கூண்டு! இதில் ஒரு வசதி, துளைகள் நாலும் 105 மி.மீ. இடைவெளியில் தானாகவே பொருந்தும். ரேடியேட்டரோடு சேரும் இடத்தில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினேன். சந்து இருந்தால் காற்று தகடு வழியாகப் போகாமல் சந்து வழியாகவே ஓடிவிடும்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்க. பழைய ஸ்க்ரூ 30 மி.மீ. விசிறிக்கு 25 போனால் ரேடியேட்டருக்குள் 5 போகும். கூண்டும் சேர்ந்தால் 55 வேண்டும். கடையில் 60தான் இருந்தது. "5 மி.மீ. தானே" என்று முடுக்கிவிட்டேன். உள்ளே ஏதோ நசுங்குவது கையில் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் ரெண்டு தகடு மடங்கியிருக்கு, தண்ணீர் ஓடும் குழாய் அதற்குப் பக்கத்திலேயே! குழாய் ஓட்டையாகியிருந்தால் தண்ணீர் மதர்போர்டு மேலதான். அண்ணன் ஒண்ணும் சொல்லல. ஆக்ஸா பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தார். ஸ்க்ரூவை அறுப்பதற்கு முன்னாடி அதில் ஒரு நட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். அறுத்த பிறகு நட்டைக் கழற்றும்போது மரை சரியாகிவிடும். இது அண்ணன் சொல்லித்தந்தது.

சோதனைக்கு ஊதுபத்தி. காற்று வெளியே வரும் பக்கம், ரேடியேட்டரின் நடுவுக்கு நேராகப் பிடித்தேன். முன்னாடி புகை சோம்பேறித்தனமாக மேலே போனது. இப்போ படுத்துக்கொண்டு ஓடியது!

சூட்டையும் அளந்தோம். தூசி தட்டிய பிறகு ஒரு தடவை, கூண்டு போட்ட பிறகு ஒரு தடவை. ரெண்டும் மதியம் 2 மணிக்கு, அதே அறையில், அதே வீடியோவை ஓடவிட்டு. 74 டிகிரி 70 ஆனது. வெறும் நாலுதான். தூசி தட்டியதில் குறைந்தது இதைவிட அதிகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசிறியின் கிய்ங் என்ற இரைச்சலும் குறைந்தது. இறக்கை தகடுகளுக்கு ரொம்பப் பக்கத்தில் சுற்றியதுதான் அதற்குக் காரணம்.

மே மாதம் முழுக்க ஒரு தடவைகூட அணையலை. ஒரே குறை, கூண்டு 25 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொண்டதால் கேஸின் பக்க மூடி மூட மாட்டேங்குது. அது இப்போ பீரோ மேல் கிடக்கு.

– பதினோராம் வகுப்பு மாணவன்